துஷ்டி வீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்: வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு, அதன் பிறகு வரும் திருத்தங்கள்

2021-இல் என் சித்தி மகளின் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 35. பாளையங்கோட்டைப் பக்கம் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் கொத்து வேலை. மூன்றாம் நாள், துஷ்டி கேட்க வந்தவர்கள் எழுந்து போகுமுன்பே, வேலைக்குக் கூட்டிப் போன காண்டிராக்டர் வந்து உட்கார்ந்தார். மஞ்சள் பையில் ஒரு லட்ச ரூபாய், பைக்கு அடியில் முத்திரைத்தாள். "மதினி, இத வச்சுக்கிடுங்க. இனிமே ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. பதினாறாம் நாள் செலவையும் நானே பாத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனுஷன்தான். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் சட்டப்படி அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டியது 14,77,950 ரூபாய்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது, அதை எப்படிக் கேட்டு வாங்கினோம், வாங்கிய பிறகும் ஏன் லேபர் ஆபீஸ் படியேற வேண்டியிருந்தது என்பதை, முதன்முறையாக இதில் கால் வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆலங்குளம் பக்கத்து செங்கல் சூளையோ, ராதாபுரம் காற்றாலையோ, கங்கைகொண்டான் சிப்காட் கம்பெனியோ, வழி ஏறத்தாழ ஒன்றுதான். அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் 2022 மே மாதம் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கி, நால்வர் உயிரோடு திரும்பாததை இந்த ஊர் மறக்கவில்லை. அதுபோலச் செய்தியாகும் சாவுகளுக்குப் பின்னால் அதிகாரிகள் தேடி வருவார்கள். ஒற்றை ஆளாக விழுந்து இறக்கிறவரின் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நாம்தான் போக வேண்டும்.

முதல் நாள்

போலீஸில் புகார் பதிவாக வேண்டும், பிரேத பரிசோதனை நடக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் பின்னால் எதுவுமே நகராது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் உடல் கிடக்கும்போது "அறுக்க வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போயிருவோம்" என்று சொல்லும் மாமன் மச்சான் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களை மெதுவாக ஒதுக்குங்கள். புகாரில் எந்த இடம், யாருடைய வேலை, யார் கூட்டிப் போனது, என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்ற நான்கும் இருக்கட்டும். "கால் தவறி விழுந்தார்" என்று மட்டும் எழுதி முடிப்பார்கள். "இன்னாருடைய கட்டடத்தில், இன்னாரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது" என்பதைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கூட வேலை பார்த்த கையாள், சித்தாள் இரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும் அன்றைக்கே வாங்கி வையுங்கள். ஒரு மாதம் போனால் அவர்கள் கேரளாவில் இருப்பார்கள்.

சம்பளத்துக்கு ஆதாரமும் அன்றைக்கே தேட வேண்டியதுதான். வாரக் கூலி எழுதிய சிட்டை, ஜி-பே வரவு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, எதுவானாலும் சரி. இறந்தவரின் போனை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

அந்த மஞ்சள் பை

சாவுக்கான நஷ்டஈட்டை முதலாளி நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்தால், சட்டம் அதை நஷ்டஈடாகவே எண்ணாது. பணத்தை லேபர் ஆபீஸில் இருக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். அவர்தான் பங்கிட்டுக் கொடுப்பார். அவசரத்துக்கு முன்பணமாக இறந்தவரின் மூன்று மாதச் சம்பளம் வரை முதலாளி கொடுக்கலாம். அதை மட்டும் பிறகு கழித்துக்கொள்வார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது. ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட அக்காமார் மனம் தளர வேண்டாம், வழக்குப் போடலாம். ஆனாலும் போடாமல் இருப்பதே மேல். அந்தத் தாளைக் காட்டி ஒரு வருஷம் இழுத்தடிக்க முடியும்.

எங்கள் வீட்டில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். "அண்ணாச்சி, ஆபீஸ்ல கட்டுங்க, அங்க வந்து வாங்கிக்கிடுதோம்" என்று சொல்ல என் தங்கச்சிக்கு அன்று இருந்த தைரியம் எனக்கு இருந்ததில்லை.

ஈ.எஸ்.ஐ. உண்டா, இல்லையா?

ஈ.எஸ்.ஐ. என்பது சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. அது இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளாமல் ஓட வேண்டாம். இரண்டும் இரண்டு பாதை, ஒன்றில் போனால் மற்றதில் போக முடியாது. மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளத்தில், பதிவுள்ள நிறுவனத்தில் இருந்தவர் என்றால் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. இருக்கும். சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரியும். அப்படியானால் மொத்தத் தொகை கிடையாது. மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை வரும், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய். கிளை அலுவலகத்தில் 12 மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள்.

பி.எஃப். பிடித்திருந்தால் அது இதிலிருந்து முற்றிலும் வேறு. சேமிப்புப் பணம், குடும்ப ஓய்வூதியம், 7 லட்சம் வரை வரக்கூடிய காப்பீடு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கட்டுமான நல வாரிய அட்டை இருந்தால் அங்கும் தனி மனு.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குத்தான் 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21-இல் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, இந்தச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. ஆணையர் என்ற பெயர் அதில் "தகுதிவாய்ந்த அதிகாரி" என்று மாறியிருக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு தெரிந்தால், உள்ளே வருகிறது. ஆனால் எலும்புக்கூடு பழையதுதான். அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டமே அளவுகோல். எங்கள் அனுபவம் பழைய சட்டத்தில்தான்.

லாரி டிரைவர் குடும்பத்துக்கு ஒரு தனிச் சொல். செங்கோட்டை வழியாக லோடு ஏற்றிப் போகிறவர் சாலை விபத்தில் இறந்தால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயமும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான். எதில் கூடுதலாக வரும் என்று வக்கீலிடம் கேட்ட பிறகே முதல் மனுவைப் போடுங்கள்.

கணக்கு

சம்பளத்தில் பாதி, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். காரணிப் பட்டியல் பழைய சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது. 25 வயதுக்கு 216.91, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 50-க்கு 153.09, 60-க்கு 117.41. எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் மாதம் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. என் தங்கச்சி வீட்டுக்காரர் மாதம் இருபதாயிரத்தை ஒட்டிச் சம்பாதித்தார். கணக்கில் 15,000. அதில் பாதி 7,500. அதை 197.06-ஆல் பெருக்கினால் 14,77,950. ஐம்பது வயதில், 12,000 சம்பளத்தில் ஒருவர் இறந்திருந்தால் 6,000-ஐ 153.09-ஆல் பெருக்க, 9,18,540. கணக்கு எவ்வளவு குறைந்தாலும் 1,20,000-க்குக் கீழே போகாது. ஈமச் செலவுக்குப் பழைய சட்டத்தில் தனியாக 5,000.

இங்கே ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 15,000 என்ற வரம்பு 2020 ஜனவரி 3-இல் வந்தது. அதற்கு முன் 2010-லிருந்து 8,000. விபத்து நடந்த நாளில் என்ன வரம்போ அதுதான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2015-இல் இதே வயதில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4,000 பெருக்கல் 197.06, அதாவது 7,88,240-தான். "இப்ப கூட்டிட்டாங்களாமே, மிச்சத்தக் கேட்கலாமா" என்று கேட்டு வரும் பெரியம்மாக்களிடம் முடியாது என்று சொல்வதற்கு மனசு வராது. ஆனால் அதற்காக யாரிடமும் கமிஷன் கொடுத்து ஏமாற வேண்டாம்.

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் பணம் கட்டவில்லையென்றால், பழைய சட்டத்தில் 12 சதவீதத் தனிவட்டி. எங்கள் தொகைக்கு வருஷத்துக்கு 1,77,354 ரூபாய். காரணமில்லாமல் இழுத்தார் என்று தெரிந்தால், தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. மனுவில் இந்த இரண்டையும் கேட்க மறக்காதீர்கள்.

"குடிச்சிருந்தான், பெல்ட் போடல, அதனால ஒண்ணும் கிடையாது" என்று சொல்வார்கள். காயத்துக்கு அந்த வாதம் செல்லலாம். சாவுக்குச் செல்லாது. சட்டத்திலேயே இருக்கிறது.

வாரிசு வேறு, சார்ந்தோர் வேறு

தாலுகா ஆபீஸில் வாங்கும் வாரிசுச் சான்றிதழில் கட்டிக்கொடுத்த மகளும் இருப்பாள், முப்பது வயது மகனும் இருப்பான். இந்த நஷ்டஈட்டில் அவர்கள் பொதுவாக வரமாட்டார்கள். மனைவி, 18 வயது ஆகாத மகன், கல்யாணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் முதல் வரிசை. உடல் நலிவால் முழுக்க அவரையே நம்பியிருந்த பெரிய பிள்ளையும் உண்டு. தகப்பனார், சின்னத் தம்பி, விதவை மருமகள் போன்றவர்கள் அவர் சம்பாத்தியத்தை நம்பி வாழ்ந்தார்கள் என்று காட்டினால் வரலாம். ஆகவே மனுவில் மாமியாரை விட்டுவிட வேண்டாம். சண்டையோடு இருந்தாலும் சேருங்கள். விட்டால் அவர் பிறகு வந்து தடுப்பார், பணம் வருஷக்கணக்கில் நிற்கும்.

பேர் எழுத்து! எங்களுக்கு நான்கு மாதம் இதிலேயே போனது. ரேஷன் அட்டையில் இசக்கியம்மாள், ஆதாரில் இசக்கி அம்மாள், பள்ளிச் சான்றில் இசக்கி. இந்த மாதிரி எல்லா வீட்டிலும் இருக்கும். மனுப் போடுமுன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்து, இ-சேவை மையத்தில் திருத்திக்கொள்ளுங்கள்.

மனு

திருநெல்வேலியில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் துணை ஆணையர் அல்லது இணை ஆணையர் நிலை அதிகாரிதான் இழப்பீட்டு ஆணையராக உட்காருவார். லேபர் கோர்ட் வேறு, அங்கே போய்க் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்பது தவறில்லை. ஆனால் அந்த ரசீது வழக்கு ஆகாது. காலக்கெடு அதனால் நிற்கவும் செய்யாது. இறந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். தாண்டிவிட்டால் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்.

மும்பையிலோ திருப்பூரிலோ இறந்திருந்தாலும், குடும்பம் வசிக்கும் ஊர் ஆணையரிடமே வழக்குப் போடலாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஊர் ஊராகப் பிழைக்கப் போகிறவர்கள். இதைப் பலர் அறியாமல் ரயில் ஏறி அலைகிறார்கள்.

எதிர்மனுதாரராக மேஸ்திரியை மட்டும் போட்டால் "என்கிட்ட கரண்டியும் மட்டப்பலகையும்தான் இருக்கு" என்பார். கட்டி விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தால் அவரும் பொறுப்பு. அவரையும், காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் சேருங்கள். தான் குடியிருக்க வீடு கட்டுகிற சாதாரண ஆள் விஷயத்தில் இது சிக்கலானது, வக்கீல் பார்க்க வேண்டியது.

வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்களுக்கு அதைவிட நீண்டது. முதலாளி தரப்பு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போனால் 60 நாளுக்குள் போக வேண்டும், தீர்ப்புத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

பணம் வந்த பிறகுதான் ஆரம்பம்

தீர்ப்பு வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்ததாக நினைத்தோம். பங்கீடு இப்படி ஆனது: தங்கச்சிக்கு 6 லட்சம், மகளுக்கும் மகனுக்கும் தலா மூன்றரை லட்சம், மீதி 1,77,950 மாமியாருக்கு. பிள்ளைகள் பங்கு அவர்கள் பெயரில் வங்கி வைப்பாகப் போனது. தங்கச்சி பங்கிலும் ஒரு பகுதியை வைப்பில் போடச் சொன்னார்கள். பெண்களுக்கான பணத்தையும் சிறுவர் பணத்தையும் இப்படி முதலீட்டில் வைக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், கையில் மொத்தமாக வந்திருந்தால் அண்ணன் தம்பி கடனுக்கே பாதி போயிருக்கும்.

குடும்பம் ஒரே நிலையில் நிற்பதில்லை. இரண்டு வருஷம் கழித்து மாமியார் இறந்தார். மகனுக்குக் காதில் ஆபரேஷன் என்றார்கள். வீடும் மாறியது. ஒவ்வொன்றுக்கும் பங்கீட்டு உத்தரவைத் திருத்தக் கேட்கலாம் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆபீஸில் இருந்த ஒரு குமாஸ்தா அம்மாதான், "மனு எழுதிக் கொடுங்கம்மா, அதுக்குத்தானே உட்கார்ந்திருக்கோம்" என்று சொல்லிக்கொடுத்தார்.

பழைய சட்டத்தின் எட்டாம் பிரிவு சொல்வது இதுதான். பெற்றோர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ, சார்ந்தோரில் யாருடைய நிலையாவது மாறினாலோ, முதலில் போட்ட பங்கீட்டையும் முதலீட்டையும் ஆணையர் மாற்றலாம். யாருக்குப் பாதகமோ அவரைக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும். ஏற்கெனவே கையில் வாங்கிவிட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ வாங்கியிருந்தால் தவிர. தாய் மறுமணம் செய்துகொண்டதால் மட்டும் பங்கு போய்விடும் என்ற வாசகம் இந்தச் சட்டத்தில் கிடையாது. ஊரார் சொல்லும் பயமுறுத்தல் அது. பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வளர்த்தால், பிள்ளைகளின் வட்டி அவர்கள் கைக்கு வரும்படி மாற்றக் கேட்பது நியாயம்.

மனு ஒரு பக்கம் போதும். வழக்கு எண், உத்தரவுத் தேதி, வைப்பு எண், என்ன மாறியது, என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி மதிப்பீட்டுக் கடிதம், படிப்புக்குக் கல்லூரிக் கட்டண ரசீது, இறப்புக்கு இறப்புச் சான்று இணைக்க வேண்டும். "குடும்பச் செலவுக்கு" என்று பொதுவாக எழுதினால் நகராது. கேட்கும் தொகையும் ரசீதில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருக்கட்டும். நாங்கள் முதல் தடவை வாய்க்கணக்காகக் கேட்டு மனு திரும்பியது. மதிப்பீட்டுக் கடிதம் வைத்து மறுபடி கேட்டோம், கிடைத்தது.

வைப்பு முதிரும் தேதியை வங்கி நினைவூட்டும் என்று நம்ப வேண்டாம். போன் நம்பர் மாறினால் வங்கிக்கும் லேபர் ஆபீஸுக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

ஈ.எஸ்.ஐ. வாங்குகிறவர்களுக்குத் திருத்தம் இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே ஒருவர் விலகினால் மற்றவர் பங்கு கூடும். மனைவிக்கு ஐந்தில் மூன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் கூட்டினால் முழுத் தொகையைத் தாண்டுவதால், ஏழு பங்காக்கி 3, 2, 2 என்று கொடுப்பார்கள். மொத்தம் மாதம் 16,200 என்று வைத்தால் தாய்க்குக் கிட்டத்தட்ட 6,943. மகளுக்குக் கல்யாணமானதும் அவள் பங்கு நின்றுவிடும். தாய்க்கு 9,720, மகனுக்கு 6,480 என்று கணக்கு மாறும். இதைச் சொல்லாமல் மறைத்தால் மகள் பணத்தை வசூலிப்பார்கள் என்பதோடு, தாய்க்கு வர வேண்டிய கூடுதலும் வராமல் போகும். மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குக் கல்யாணம் வரை, மனைவிக்கு ஆயுள் வரை அல்லது மறுமணம் வரை. தகப்பன் இறந்தபோது வயிற்றிலிருந்த பிள்ளை பிறந்தால் அதையும் சேர்க்கக் கேட்க வேண்டும். பிறப்பு, இறப்பு, திருமணம், மறுமணம், நலிவு நீங்குதல் எல்லாமே மறுபரிசீலனைக்குக் காரணம். உயிரோடு இருப்பதற்கும் மறுமணம் ஆகவில்லை என்பதற்கும் அவ்வப்போது உறுதிமொழி கேட்பார்கள். தவறினால் பணம் நிற்கும், கொடுத்தால் மறுபடி ஓடும்.

என் தங்கச்சி வீட்டு அலமாரியில் ஒரு நீல நிறக் கோப்பு இருக்கிறது. உள்ளே தீர்ப்பு நகல், வைப்பு ரசீதுகள், முத்திரை வாங்கிய மனுக்கள். மேலட்டையில் பேனாவால் இரண்டு வருஷங்கள் எழுதியிருக்கிறாள்: 2030, 2033. முதலாவது மகளுக்குப் பதினெட்டு முடியும் வருஷம், மற்றது மகனுக்கு. அந்தப் பிறந்தநாளுக்கு அடுத்த வேலைநாளில் வயதுச் சான்று, ஆதார், பிள்ளை பெயரில் புதுப் பாஸ்புக், மூலத் தீர்ப்பு நகல் நான்கையும் எடுத்துக்கொண்டு பிள்ளை பெயரில் வைப்பில் இருக்கும் பணத்தை விடுவிக்கக் கேட்டுப் போக வேண்டும். மகள் பெயரில் பாஸ்புக் இந்த மாசமே எடுத்தாயிற்று.